மருதமடு: மனம் விழுந்தவர் எந்த நாளில் போவது, எத்தனை இரவு தங்குவது

மன்னார் மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கிற கத்தோலிக்கத் திருத்தலமான மருதமடு மாதா கோவிலுக்கு ஆவணித் திருவிழாவில் போய்வந்து, "மாதாவைவிடச் சனத்தைத்தான் கண்டோம்" என்று சலித்துக்கொள்கிறவர்கள் வன்னியில் குறைவில்லை. அவர்கள் சொல்வதும் சரிதான். ஆகஸ்ட் 15 அன்று அங்கே கூடுகிற இலட்சக்கணக்கான சனத்துக்குள், மனம் ஒடிந்து வருகிறவருக்குக் குந்தியிருக்க ஒரு நிழல்கூடக் கிடைக்காது. அதே வளவு மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையில் முற்றிலும் வேறு இடம். இந்த மதிப்பீடு அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றியது.

முடிவை முதலே சொல்லிவிடலாம். மனம் தளர்ந்தவர் சாதாரண வாரநாளில் போய் இரண்டு இரவு தங்குவதென்றால் தயங்காமல் போகலாம். ஆடி, ஆவணித் திருவிழாக்கள் நன்றி சொல்லப் போகிறவர்களுக்கும், கூட்டத்தோடு நின்று பாடினால் தெம்பு வருகிறவர்களுக்கும் சரிவரும். திருக்கேதீஸ்வரம், தலைமன்னார், மடு மூன்றையும் ஒரே நாளில் முடிக்கிற வான் பயணத்தில் படம் எடுக்கலாம், அவ்வளவுதான். நாற்பது நிமிடத்துக்குள் செருப்பைக் கழற்றி, மெழுகுதிரி கொளுத்தி, கச்சான் வாங்கி, சாரதி ஹோர்ன் அடிக்க ஓடிவருகிறவருக்கு ஆண்டவர் என்ன சொன்னாலும் கேட்காது.

காலபோகம் வெள்ளத்தில் போய் விதைநெல்லுக்கு எடுத்த கடன் தலைக்குமேல் நிற்கிற கமக்காரன், நுண்கடன் தவணைக்குக் கிழமைதோறும் வாசலில் ஆள் வந்து நிற்கிற வீட்டுப் பெண், 2009 இல் காணாமல் போன பிள்ளையை இன்னும் தேடுகிற தாய், ஏ.எல். மூன்றாம் தரமும் சரிவராத பிள்ளை, படுக்கையில் கிடக்கிற கணவனை வருடக்கணக்காகப் பார்க்கிற மனைவி. மடுவுக்கு வருகிற பாரங்கள் இப்படிப்பட்டவை. இவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆறுதல் கிடையாது. ஆனால் எல்லோரும் ஒரே பிழையை விடுகிறார்கள். பஸ்ஸால் இறங்கிய கையோடு கோவிலுக்குள் போய்க் கேட்கத் தொடங்குகிறார்கள். உடம்பு களைத்து, நித்திரை இல்லாமல், வெறும் வயிற்றோடு கேட்கிற மன்றாட்டு பத்து நிமிடத்தில் அழுகையாக மாறும். அழுது முடிய, வந்த காரியம் முடிந்ததென்று திரும்பிவிடுவார்கள்.

தளர்ச்சியைப் பற்றிப் பேச இந்த இடத்துக்கு உரிமை உண்டு. 1670 அளவில், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கிய காலத்தில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து தப்பி வந்த எழுநூறு பேரளவில் அவர்களோடு சேர்ந்ததாகத் திருத்தல வரலாறு சொல்கிறது. ஆக, மடுவின் முதல் யாத்திரிகர்கள் அகதிகள். 1872 இல் பொஞ்சோன் ஆண்டகை புதிய கோவிலுக்கு அத்திவாரம் இட்டார். 1924 ஜூலை 2 இல் சுரூபத்துக்கு முடிசூட்டினார்கள். 1944 இல் கோவில் அபிஷேகமானது. போர்க்காலத்தில் அதே வளவு அகதி முகாமாகி, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மரத்தடியில் கிடந்தன. 1999 நவம்பரில் கோவிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் ஷெல் விழுந்து நாற்பது பேரளவில் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய், ஆகஸ்டில்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வன்னியில் இடம்பெயராத குடும்பம் இல்லை, சுரூபமும் இடம்பெயர்ந்தது. 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து அதே சுரூபத்தால் சனத்தை ஆசீர்வதித்தபோது, முன்னால் நின்றவர்களில் பலர் அந்த இழப்புகளை நேரில் கண்டவர்கள். "உங்களுக்கு எங்கள் கஷ்டம் விளங்காது" என்று இந்த இடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

போகிற வழி. மதவாச்சி–மன்னார் வீதியில் மடுச்சந்தியில் திரும்பி ஏறக்குறைய 12 கிலோமீற்றர் காட்டு வழி. வவுனியாவிலிருந்து வருகிறவர்கள் பறயனாலங்குளத்தில் அந்த வீதியில் ஏறுகிறார்கள். ரயிலென்றால் தலைமன்னார்ப் பாதையில் மடு றோட் நிலையம். போரில் நின்றுபோன சேவை 2013 இல் அதுவரை திரும்பி வந்தது. நிலையத்திலிருந்து கோவிலுக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும், ஏறமுன் விலை பேசிக்கொள்ள வேண்டும். மங்குளம், நட்டாங்கண்டல் பக்கத்தவர்கள் பாலம்பிட்டி வழியால் மோட்டார்சைக்கிளில் வருவதுண்டு. எந்த வழியென்றாலும் பின்னேரம் ஐந்து மணிக்கு முன் வளவுக்குள் இருக்க வேண்டும். சுற்றிவரக் காடு, யானை நடமாடுகிற காடு. பொழுதுபட்டபின் அந்த 12 கிலோமீற்றரில் ஒரு யானை குறுக்கே நின்றால் வாகனத்தைப் பின்னுக்கு எடுப்பதைத் தவிர வழியில்லை. ஹோர்ன் அடிப்பது, லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பது இரண்டும் அதைக் கோபப்படுத்தும்.

தங்குமிடம் எளிமையானது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. யாத்திரிகர் விடுதிகள் உண்டு, முன்கூட்டியே திருத்தல நிர்வாகத்தோடு பேசிப் பதிய வேண்டும். திருவிழாக் காலத்தில் வீடுகள் எல்லாம் நேரத்தோடு நிரம்பிவிடும், மற்றவர்கள் படங்கு கட்டிக்கொண்டு மரத்தடியில் கிடப்பார்கள். வாரநாளில் அந்தப் பிரச்சினை இல்லை. கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் மூன்று லீற்றர் தண்ணீர் என்ற கணக்கில் ஒரு கான், பாய், நுளம்புவலை, ரோச், தீப்பெட்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் இரண்டு பக்கெற், ஒரு கொப்பி, ஒரு பேனை. பிரஷர், சீனி, நித்திரைக் குளிசை எது எடுக்கிறவரென்றாலும் நாலு நாளைக்குரிய குளிசை. பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் முதல் இரவு சமைக்கும் தொல்லை இல்லை. சாப்பாட்டுப் பையைத் திண்ணையில் விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போனால் குரங்குக்குத்தான் இராச்சாப்பாடு.

வலை நுளம்புக்கு மட்டுமல்ல. வறண்ட நாட்டில் எண்ணெய் விரியன் இரவில் தரையில் படுத்திருக்கிறவரைத்தான் பெரும்பாலும் தீண்டும். கடி வலிக்காததால் பலர் விடியும்வரை கடித்ததையே அறிவதில்லை. வலையின் கரையைப் பாய்க்குக் கீழே சுற்றிவர மடித்து விட்டால் அது உள்ளே வராது. இதை யாரும் செபப்புத்தகத்தில் எழுதுவதில்லை, ஆனால் மடுவுக்குப் போகிறவருக்கு முதலில் சொல்ல வேண்டியது இது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

முதல் நாள் பின்னேரம் ஒன்றும் கேட்க வேண்டாம். கோவிலுக்குள் போய் முழந்தாளிட்டு, "வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வரலாம். குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குள் படுப்பதே அன்றைய செபம். இது சோம்பலுக்குச் சொல்கிற சாட்டு அல்ல. அரசர் முதலாம் புத்தகத்தின் 19 ஆம் அதிகாரத்தில் எலியா உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்குள் ஒரு நாள் தூரம் ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே இருந்து, "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்கிறார். பதிலுக்கு அவருக்கு உபதேசம் கிடைக்கவில்லை. நித்திரை கிடைத்தது. தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு சாடி தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தபின்தான் நடக்கச் சொன்னான். கடவுள் அவரோடு பேசியது அதற்குப் பிறகு நாற்பது நாள் கழித்து, மலையில். இறங்கிய கையோடு கோவிலுக்குள் ஓடுகிறவர்கள் மலையில் நடந்ததை முதல் இரவிலேயே எதிர்பார்க்கிறார்கள்.

உபவாசம் இருந்துதான் மடுவுக்குப் போக வேண்டுமென்று நினைக்கிற அம்மாக்களுக்கும் அந்த அதிகாரம்தான் பதில். மனம் திடமாக இருக்கிறவர் உபவாசம் இருக்கட்டும். இரண்டு கிழமையாக ஒழுங்காகச் சாப்பிடாமல், நித்திரையில்லாமல் இருக்கிறவர் மடுவில் வந்தும் பட்டினி கிடந்தால் மயங்கி விழுவதுதான் மிச்சம். சீனி வருத்தக்காரருக்கு அது நேரடி ஆபத்து.

இரண்டாம் நாள் அதிகாலைப் பூசைக்குப் போக வேண்டும். நேரத்தை வந்த அன்றே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பூசை முடிந்தவுடன் எழும்ப வேண்டாம். சனம் கலைந்து, கதவுப் பக்கத்துச் சத்தம் அடங்கக் கால் மணி நேரம் எடுக்கும். அதற்குப் பிறகு வருகிற ஒரு மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் விலைமதிப்பான நேரம். அந்த நேரத்துக்கு வேதாகமத்தைத் திறந்து எங்கே வருகிறதோ அங்கே வாசிப்பது பலரின் பழக்கம். அது வேண்டாம். தளர்ந்திருக்கிறவர் கண்ணில் தண்டனை வசனம் ஒன்று பட்டால், தனக்கே எழுதியதென்று நினைத்துக்கொள்வார். எதை வாசிப்பதென்று வீட்டிலேயே தீர்மானித்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

13 ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம். ஆறே வசனம். "எத்தனை காலம்" என்று நாலு தரம் கேட்கிறது. காணாமல் போனவரைத் தேடுகிற வீட்டார் அந்த நாலையும் சத்தமாக வாசிக்கட்டும். கடவுளிடம் இப்படிக் கேட்கலாமா என்று பயப்படுகிறவர்களுக்கு, கேட்கச் சொல்லிக் கொடுக்கிற புத்தகமே இதுதான். அடுத்தது 42 உம் 43 உம், இரண்டையும் ஒன்றாக. தன் ஆத்துமாவைப் பார்த்து "ஏன் கலங்குகிறாய்" என்று கேட்கிற வரி மூன்று தரம் வரும். முதல் தரம் கேட்டவுடன் கலக்கம் தீர்ந்துவிடவில்லை, அதனால்தான் மூன்று தரம். முழுதாக இருண்டுபோன மனதுக்கு 88. அது நம்பிக்கை வரியில் முடியாது, இருளில்தான் முடியும். அதை வாசித்துவிட்டு, "இதுவும் செபமாக எழுதி வைத்திருக்கிறார்களே" என்று கண்ணீரோடு சிரிக்கிறவர்கள் உண்டு. வீடு வாசல் அழிந்தவர்களுக்குப் புலம்பலின் மூன்றாம் அதிகாரம் பொருந்தும். எருசலேம் எரிந்து விழுந்த துக்கத்தில் எழுந்த நூல் அது. காலைதோறும் இரக்கம் புதிதாயிருக்கிறது என்ற வசனம் அந்தச் சாம்பலுக்கு நடுவில் வருகிறது. ஒரு நாளில் இவ்வளவையும் வாசிக்க வேண்டாம். இரண்டு போதும், ஒவ்வொன்றையும் மெதுவாக, வாய்விட்டு, மூன்று தரம்.

செபமாலையில் விடுகிற பிழை வேறு. 53 அருள்நிறை மரியே, 6 பரலோக மந்திரம் கொண்ட ஒரு செபமாலையை நிதானமாகச் சொல்ல இருபது நிமிடம் வேண்டும். மடுவில் ஒரு நாளைக்கு ஏழு, எட்டு என்று எண்ணிக்கைக்குச் சொல்கிறவர்கள் ஒன்றைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிக்கிறார்கள். வாய் ஓடுகிறது, மனம் கடன்காரனோடு கதைத்துக்கொண்டிருக்கிறது. காலையில் ஒன்று, பின்னேரம் சனத்தோடு சேர்ந்து ஒன்று, போதும். இயேசுவின் பாடுகளைத் தியானிக்கிற துக்க தேவ இரகசியங்களை எடுத்தால் முதலாவதே கெத்சமனித் தோட்டம். இயேசு அங்கே துக்கத்தால் நெருக்கப்பட்டு, கூடவந்தவர்களை விழித்திருக்கச் சொல்லிக் கேட்டு, அவர்கள் மூன்று தரமும் நித்திரையாகிப் போனார்கள். வீட்டார் கைவிட்டதாக நினைக்கிறவர் செபமாலையின் அந்தப் பத்து மணிகளைக் கடக்க அவசரப்பட வேண்டாம். கணக்குத் தவறினால் தவறட்டும்.

மெழுகுதிரி. வளவில் விற்கிற மெல்லிய நீளத் திரிகள் சோளகக் காற்றில் நிற்காது. தட்டில் குத்தினவுடன் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கத்து மெழுகு மட்டும் உருகி வழிந்து, திரி வளைந்து பக்கத்துத் திரியில் படுக்கும், இரண்டும் அணையும். கையைக் குவித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கொளுத்துகிற அம்மாக்களைப் பார்க்கலாம், ஒவ்வொரு தரமும் அணையும்போது முகம் மாறும், ஏதோ நேர்த்தி மறுக்கப்பட்டதுபோல. அணைந்தது காற்றால். நாலு அங்குலத்துக்கு மேற்படாத தடித்த திரி வாங்கி, அடியை முதலில் உருக்கித் தட்டில் ஒட்டி, மற்றத் திரிகளுக்கு நடுவில் வைத்தால் கடைசிவரை எரியும். வைகாசி முதல் புரட்டாதிவரை காற்றுக் காலம், அந்த மாதங்களில் விடியற்காலையில் கொளுத்துவதே புத்தி.

சுவாமியோடு கதைக்க விரும்புகிறவர்கள் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று அங்கே முழுக்கதையையும் சொல்லத் தொடங்கக்கூடாது. பின்னால் ஆட்கள் நிற்பார்கள், சுவாமி அவசரப்படுத்துவார், "அவரும் கேட்கவில்லை" என்ற புதுக் காயத்தோடு எழும்ப வேண்டிவரும். பாவத்தை அங்கே சொல்லி, "சுவாமி, பிறகு கொஞ்சம் கதைக்க வேணும், எத்தனை மணிக்கு வரலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் நேரம் தருவார். போகமுன் கொப்பியில் மூன்று வரி எழுதிக்கொள்ளலாம்: என்ன நடந்தது, எப்போதிருந்து, இப்போது எதற்குப் பயம். நொந்தவர்கள் ஒரு மணி நேரம் கதைத்தும் மூன்றாவதைச் சொல்லாமல் வந்துவிடுவார்கள்.

நேர்த்தி வைப்பதில் இந்த மதிப்பீடு கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. மனம் உடைந்த நேரத்தில் வைக்கிற நேர்த்தி எப்போதும் தாங்க முடியாத அளவில் இருக்கும்: வருடாவருடம் குடும்பத்தோடு வருவேன், பவுண் போடுவேன், இத்தனை பேருக்குச் சாப்பாடு கொடுப்பேன். கடனோடு வந்தவர் இன்னொரு கடனோடு திரும்புகிறார், இந்தத் தரம் மாதாவுக்கு. பிறகு ஒரு வருடம் முட்டுப்பட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் நேர்த்தி கொடுக்காததால் என்று பயம். ஆறு மாதத்துக்குள், கைக்காசில்லாமல் செய்து முடிக்கக்கூடிய ஒன்றை மட்டும் வைக்க வேண்டும். கதைக்காமல் விட்ட சகோதரனோடு கதைப்பது அதற்கு நல்ல உதாரணம், செலவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, புறப்படமுன், சாமுவேல் முதலாம் புத்தகத்தின் 30 ஆம் அதிகாரம். வன்னியில் இதை வாசிக்கிறவருக்கு விளக்கவுரை தேவைப்படாது. தாவீதும் ஆட்களும் சிக்லாகுக்குத் திரும்பி வருகிறார்கள். ஊர் எரிந்து கிடக்கிறது, மனைவி பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டார்கள். அழ இனிப் பெலனில்லை என்னுமட்டும் அழுகிறார்கள். கூட இருந்தவர்களே தாவீதைக் கல்லெறிய வேண்டுமென்று கதைக்கிறார்கள். அந்த இடத்தில், "தாவீது தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான்." பிரசங்கங்களில் இங்கிருந்து நேரே கடைசிக்குப் பாய்ந்து, எல்லாவற்றையும் திரும்பப் பெற்றான் என்று முடிப்பார்கள். அப்படிப் பாய்வதில்தான் கேடு. வன்னியில் எல்லாம் திரும்பக் கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அந்த முடிவு அவர்களைக் குத்தும். வசன இலக்கத்தைப் பாருங்கள். திடங்கொண்டது 6 இல், மீட்டது 18 இல். திடம் வந்த நேரத்தில் ஊர் இன்னும் எரிந்தபடிதான், ஒரு பிள்ளையும் திரும்பி வரவில்லை, கல் எடுத்தவன் கையில் கல் அப்படியே இருக்கிறது. கடவுளுக்குள் திடங்கொள்வது பலன் கிடைத்தபின் வருகிற சந்தோசம் அல்ல என்பதற்கு இதைவிட நேரான இடம் வேதாகமத்தில் அரிது.

திடங்கொண்டவுடன் தாவீது செய்தது ஒன்றே ஒன்று: ஆசாரியனைக் கூப்பிட்டு, "பின்தொடரட்டுமா?" என்று கடவுளிடம் கேட்டான். அடுத்த அடி எது என்ற கேள்வி, அவ்வளவுதான். மடுவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதும் இப்படி ஒரு கேள்வியும் அதற்குரிய ஒரு அடியும்தான். தவணை கட்ட முடியாதென்று கடன்காரரிடம் நேரில் போய்ச் சொல்வது, மகளை வைத்தியரிடம் காட்டுவது, கமநல சேவை நிலையத்தில் பயிரழிவுப் பதிவைப் பற்றிக் கேட்பது, இதில் ஒன்று. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதையும் செய்யப்போகிற திகதியையும் எழுதிக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

அதே அதிகாரத்தில் பலர் கவனிக்காத இன்னொன்று. அறுநூறு பேர் புறப்பட்டார்கள், இருநூறு பேர் களைத்துப்போய் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் சாமான்களோடு நின்றுவிட்டார்கள். வென்று வந்தவர்கள் அவர்களுக்குப் பங்கில்லை என்றபோது, போனவனுக்கும் நின்றவனுக்கும் சரிபங்கு என்று தாவீது தீர்த்தான், அது சட்டமாகவே நின்றது. இவ்வளவு கஷ்டத்திலும் பக்கத்து வீட்டுக்காரி எழும்பிவிட்டாள், தான் மட்டும் கிடக்கிறோமே என்று குமைகிறவர்கள் 21 முதல் 25 வரை வாசிக்கட்டும்.

மடு மண்ணைப் பற்றி. கோவில் வளவு மண்ணைக் கைலேஞ்சியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய், பாம்புக்கடிக்கு மருந்தாக வைத்திருப்பது பழைய நம்பிக்கை. கொண்டுபோகலாம், வயலோரத்தில் தூவலாம், செபிக்கலாம். பாம்பு கடித்தால் கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. மண்ணைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நிமிடமும் நட்டம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாதாவைக் கூப்பிடுவதை ஒருவரும் தடுக்கப்போவதில்லை.

சைவர்களும் சிங்களப் பௌத்தர்களும் மடுவுக்கு வருவது நெடுங்கால வழக்கம், யாரும் ஏனென்று கேட்பதில்லை. நற்கருணை வாங்க வரிசையில் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தால் போதும். முழந்தாளிடுவது கட்டாயம் இல்லை. பூ வைக்கலாம், திரி கொளுத்தலாம். சொந்த வழிபாட்டிலேயே ஆறுதல் தேடுகிற சைவருக்கும் மேலே சொன்ன கணக்கே பொருந்தும்: முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்கு வைகாசிப் பொங்கல் இரவில் போனால் கடல்நீரில் விளக்கெரிகிற அதிசயத்தைச் சனத்தின் தலைகளுக்கு மேலால் எட்டிப் பார்க்கலாம், அம்மனோடு கதைக்க வேண்டுமென்றால் பொங்கலில்லாத ஒரு வாரநாள்.

குறைகள். திருவிழாக் காலத்தில் மலசலகூட வரிசையும் தூசியும் சொல்லி முடியாது. ஆஸ்துமாக்காரர் முகக்கவசமும் இன்ஹேலரும் இல்லாமல் போகக்கூடாது. ஒலிபெருக்கி இரவிலும் ஓயாது. வாரநாளில் இதற்கு நேர்மாறான குறை: கடைகள் குறைவு, பொழுதுபட்டால் இருட்டு, தனியாக வந்தவருக்கு அந்த அமைதியே பாரமாகலாம். அதனால் இரண்டு பேராகப் போவது நல்லது. கூடப்போகிறவர் ஆலோசனை சொல்கிற ஆளாக இல்லாமல் தேத்தண்ணி வைக்கிற ஆளாக இருக்க வேண்டும்.

மடுவுக்குக் கூட்டிப்போகக்கூடாத நிலையும் உண்டு. சாகப்போகிறேன் என்று சொல்கிறவரை, பூச்சிமருந்துப் போத்தலை ஒளித்து வைத்திருக்கிறவரை, நாட்கணக்காக நித்திரையில்லாமல் தொடர்பில்லாமல் கதைக்கிறவரைக் காட்டு நடுவில் இரண்டு இரவு வைத்திருப்பது விசுவாசம் ஆகாது. வவுனியா, மன்னார் ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது; 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்துக் கதைக்கலாம். கிருமிநாசினிப் போத்தலைப் பூட்டி வைத்து அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும். குளிசை வேலைசெய்து, நித்திரை திரும்பி, வைத்தியர் சரியென்ற பிறகு மடு அங்கேதான் இருக்கும். எலியாவுக்கு அடையும் தண்ணீரும் வந்த அதே கையால்தான் குளிசையும் வருகிறது என்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரும்பாலும் கஷ்டம்.

மாதம் தெரிவதென்றால் தை கடைசியிலிருந்து பங்குனி நடுவரை முதல் தெரிவு. மாரி விட்டு, காடு பச்சையாக, குளங்களில் தண்ணீர் நிற்கும், இரவு குளிரும், ஒரு போர்வை கூடுதலாக வேண்டும். கமக்காரர் அறுவடை நாளைப் பார்த்துக்கொண்டு முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசி வெக்கை. முடியாதென்றில்லை, தண்ணீரை ஆளுக்கு ஐந்து லீற்றராக்க வேண்டும். ஜூன் 23 கொடியேற்றத்திலிருந்து ஜூலை 2 வரையும், ஆகஸ்ட் 6 கொடியேற்றத்திலிருந்து 15 வரையும் தவிர்க்க வேண்டும். ஆகஸ்ட் 14 பின்னேர வெஸ்பர் (மாலைச் செப) ஆராதனை அழகானது, ஆனால் அதற்கு வேறு மனநிலை வேண்டும். கார்த்திகை, மார்கழியில் மழையும் சேறும் நுளம்பும், படங்குக்குள் கிடப்பது வயதானவர்களுக்குச் சரிவராது. சனி, ஞாயிறு, போயா மூன்றிலும் சுற்றுலா வான்கள் வரும். திங்கள் பின்னேரம் போய்ச் சேர்ந்து வியாழன் காலை வெளிக்கிட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று இரவு கிடைக்கும். லீவு எடுக்க முடிந்தவர்கள் அப்படிச் செய்யலாம், கிழமையின் நடுவில் வளவு கிட்டத்தட்ட வெறுமையாகவே இருக்கும்.